புது மவுஸ் வாங்கும் முன்: இருக்கும் மவுஸை உங்கள் கைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள என் பழுதுபார்ப்பு மேசைக்கு "மவுஸ் கெட்டுவிட்டது, புதிது ஒன்று கொடுங்கள்" என்று வருகிறவர்கள் பலர். அவர்கள் கொண்டுவரும் மவுஸ்களில் பலவற்றுக்கு எந்த நோயும் இருப்பதில்லை. அம்புக்குறி நிற்காமல் ஓடுகிறது, இரண்டு தட்டு தட்டினாலும் கோப்பு திறக்கவில்லை, சக்கரத்தைத் தொட்டாலே பக்கம் பறக்கிறது என்பவைதான் வழக்கமான புகார்கள். மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் கணினிக்குள் இருக்கும் அமைப்புகள். சைக்கிள் வாங்கினால் அன்றே சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளும் நாம், மவுஸை மட்டும் வந்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். மேசையைச் சரிபார்க்காமல் வேகத்தைத் தொட்டால், கோளாறு மேசையில் இருக்க, வேகத்தைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். விண்டோஸ் 11-ஐ வைத்தே விளக்குகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டாலும் நம் ஊரில் அது இன்னும் பல வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடுகிறது. அதில் வழி மாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மேசை

அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை வைத்து பில் இங்கிலிஷ் 1964-இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரங்கள் இருந்தன. பிறகு ரப்பர் உருண்டை வைத்த மவுஸ் வந்தது. அந்த உருண்டையைக் கழற்றி அழுக்கெடுத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இன்றைய மவுஸுக்குள் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. அடியில் உள்ள பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அது கணக்கிடுகிறது.

அப்படியென்றால் படமெடுக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டும். கண்ணாடி போட்ட மேசையில் அதற்கு ஒன்றும் தெரியாது. மெருகேற்றிய கிரானைட்டும், கண்ணாடிபோல் மின்னும் சன்மைக்காவும் அதைக் குழப்பும். அம்புக்குறி நடுங்குவதற்கும் திடீரென்று ஒரு மூலைக்குத் தாவுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். மவுஸ் பேட் வாங்குவது நல்லது. இல்லையென்றால் தினசரி காலண்டரின் தடித்த அட்டையைப் பளபளப்பில்லாத பக்கம் மேலே வரும்படி போட்டுப் பாருங்கள், அதுவே போதும்.

அடுத்து, இணைப்பைக் கழற்றிவிட்டு மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வழுவழுப்பான சிறு பட்டைகள் இருக்கும். கடலோர ஊரின் புழுக்கத்தில் கைவியர்வையும் தூசியும் சேர்ந்து அவற்றின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். விரல் நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடலாம். நடுவில் உள்ள துளையில் தலைமுடி ஏதாவது சிக்கியிருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் எடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

அமைப்புகளுக்குப் போக இரண்டு வாசல்கள்

மவுஸ் அமைப்புகள் விண்டோஸில் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, தேடியது இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

முதல் வாசல் புதிய செட்டிங்ஸ் பக்கம். விண்டோஸ் விசையையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இடப்பக்கம் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'மவுஸ்'. விண்டோஸ் 10-இல் 'டிவைசஸ்' என்பதற்குள் 'மவுஸ்' இருக்கும்.

இரண்டாவது வாசல் 'மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ்' என்ற பழைய பெட்டி. விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'கன்ட்ரோல் மவுஸ்' என்று ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு இடைவெளி விட்டுத் தட்டி, என்டர் அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது வேலை செய்யும். முதல் வாசலில் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' என்பதைத் தட்டினாலும் இதே பெட்டிதான் திறக்கும். பார்க்கப் பழையதாக இருந்தாலும் உருப்படியான பல வசதிகள் இதற்குள்தான் இருக்கின்றன. இனி இதைப் பழைய பெட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

வேகம்

மவுஸின் சக்கரத்துக்குக் கீழே இன்னொரு சிறிய பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது டிபிஐ பொத்தானாக இருக்கலாம். கை ஓர் அங்குலம் நகரும்போது மவுஸ் கணினிக்கு எத்தனை புள்ளிகள் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் டிபிஐ. அந்தப் பொத்தானை அழுத்த அழுத்த 800, 1200, 1600 என்பதுபோல் படிப்படியாக மாறும். நேற்றுவரை நன்றாக இருந்த மவுஸ் இன்று தறிகெட்டு ஓடுகிறது என்று வருகிறவர்களில் பலர், துடைக்கும்போது தெரியாமல் இதை அழுத்தியவர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. செட்டிங்ஸில் 'மவுஸ் பாயிண்டர் ஸ்பீட்' பட்டையை நடுவில் வையுங்கள். பிறகு டிபிஐ பொத்தானை அழுத்தி, கைக்கு ஏறத்தாழப் பொருந்தும் படியைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் பட்டையை இப்படியோ அப்படியோ ஓரிரு புள்ளி நகர்த்திச் சரிசெய்யுங்கள். பட்டையை நடுவைத் தாண்டி அதிகம் ஏற்றினால், மவுஸ் சொல்லும் ஒரு புள்ளியை விண்டோஸ் ஒன்றுக்கு மேலாகப் பெருக்கும். அம்புக்குறி நடுவில் உள்ள புள்ளிகளைத் தாண்டித் தாண்டிப் போகும். இணையம் பார்ப்பவருக்கு அது தெரியாது. படத்தின் ஓரத்தை நுணுக்கமாக வெட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். டிபிஐ பொத்தான் இல்லாத சாதாரண மவுஸ் என்றால் பட்டை ஒன்றுதான் வழி.

வேகம் சரியா என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். அம்புக்குறியைத் திரையின் இடது ஓரத்தில் நிறுத்துங்கள். மவுஸைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வலப்பக்கம் கொண்டுபோங்கள். கை மேசை விளிம்பை முட்டும் முன் அம்புக்குறி வலது ஓரத்தைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் வேகத்தைக் கூட்டுங்கள். அடுத்து, ஏதாவது ஒரு சன்னலைத் திறந்து, அதன் மேல் வலது மூலையில் உள்ள பெருக்கல் குறிக்கு அம்புக்குறியைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறீர்கள் என்றால் வேகம் அதிகம், குறையுங்கள். இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். நடுவில் கைக்கு எது சுகமோ அதுவே உங்கள் வேகம்.

இத்துடன் சேர்ந்த ஒரு வசதி 'என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்'. பழைய பெட்டியில் 'பாயிண்டர் ஆப்ஷன்ஸ்' தாவலில் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ் பக்கத்திலும் வந்துவிட்டது. துல்லியத்தைக் கூட்டும் என்று பெயர் சொன்னாலும், கையின் வேகத்தைப் பார்த்து அம்புக்குறியின் தூரத்தை மாற்றுவதுதான் இதன் வேலை. கையை வெடுக்கென்று இழுத்தால் அம்புக்குறி நெடுந்தூரம் போகும். அதே தூரத்தை மெல்ல நகர்த்தினால் கொஞ்சம்தான் போகும். ஃப்ளெக்ஸ் பேனர், திருமண ஆல்பம் வடிவமைப்பவர்களும், வீட்டு வரைபடம் போடுகிறவர்களும் இதை அணைத்துவிடுவதே நல்லது. இவ்வளவு இழுத்தால் இவ்வளவு போகும் என்று கை மனப்பாடம் செய்ய வேண்டிய தொழில்கள் அவை. கீபோர்டு, பில் புத்தகம், பணப்பெட்டி எல்லாம் நெருக்கியடிக்கும் கடை மேசையில் மவுஸுக்கு உள்ளங்கை அகலம்தான் இடம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். எப்படி மாற்றினாலும் மூன்று நான்கு நாள் பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் நாளில் எல்லாமே தப்பாகத்தான் தெரியும்.

டபுள் கிளிக்

என்னைக் கேட்டால் மவுஸ் அமைப்புகளிலேயே பலன் அதிகம் தருவது இதுதான். ஆனால் யாரும் இதைத் தொடுவதில்லை.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மடிக்கணினியும் மவுஸுமாக வந்தார். "தம்பி, நான் திறக்கச் சொன்னால் இது பெயரை மாற்றச் சொல்கிறது" என்றார். "இன்னொரு தடவை தட்டுங்கள் ஐயா, பார்க்கிறேன்" என்றேன். கோப்பின் பெயர்மீது அம்புக்குறியை நிறுத்தித் தட்டினார். சின்ன இடைவெளி. மறுபடி தட்டினார். பெயர் நீலக் கட்டத்துக்குள் போய் நின்றது. உள்ளே கர்சர் மினுக்கியது. அவர் சொன்னது சரிதான். மவுஸும் சரிதான்.

விண்டோஸ் வரும்போதே வைத்திருக்கும் அளவின்படி, இரண்டு தட்டுகளுக்கும் இடையே 500 மில்லிநொடி, அதாவது அரை நொடிக்கு மேல் ஆகக்கூடாது. அதற்கு மேல் ஆகிவிட்டால் விண்டோஸ் அதை இரண்டு தனித்தனி கிளிக்காக எடுத்துக்கொள்ளும். தேர்ந்தெடுத்த கோப்பின் பெயர்மீது மறுபடி ஒரு கிளிக் விழுந்தால், பெயரை மாற்றப் போகிறீர்கள் என்று பொருள். இன்னொரு நிபந்தனையும் உண்டு: இரண்டு தட்டுகளுக்கு நடுவே அம்புக்குறி சில புள்ளிகளுக்கு மேல் நகரக்கூடாது. கை லேசாக நடுங்கும் வயதில் இவை இரண்டும் சேர்ந்து சோதிக்கும்.

பழைய பெட்டியில் 'பட்டன்ஸ்' தாவலைத் திறங்கள். 'டபுள் கிளிக் ஸ்பீட்' என்ற பட்டை இருக்கும். பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் ஒரு கோப்புறைப் படம். பட்டையை 'ஸ்லோ' பக்கம் நகர்த்திவிட்டு அந்தப் படத்தின்மீது இரண்டு தட்டு தட்டுங்கள். கோப்புறை திறந்தால் சரி, மறுபடி தட்டினால் மூடும். திறக்கும்வரை பட்டையை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். கடைசிவரை தள்ளினால் 900 மில்லிநொடி வரை அவகாசம் கிடைக்கும். முடிந்ததும் 'அப்ளை' அழுத்த மறக்காதீர்கள்.

அதற்கும் கை ஒத்துழைக்கவில்லையென்றால் டபுள் கிளிக்கையே விட்டுவிடலாம். கோப்புகள் காட்டும் சன்னலில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஆப்ஷன்ஸ்' போனால், ஒரே கிளிக்கில் திறக்கும் 'சிங்கிள் கிளிக் டு ஓப்பன் ஆன் ஐட்டம்' என்ற தேர்வு இருக்கிறது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் இது மற்றவர்களுக்கு எரிச்சலூட்டும். அங்கே, ஒரு முறை தட்டித் தேர்ந்தெடுத்துவிட்டு என்டர் அழுத்துங்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. வேகமாகத் தட்டுங்கள் என்று மட்டும் அவர்களை அதட்டாதீர்கள். மாற வேண்டியது கணினிதான்.

பழைய பெட்டியின் 'பட்டன்ஸ்' தாவலிலேயே 'கிளிக் லாக்' என்று ஒன்று உண்டு. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விட்டால், அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். இன்னொரு கிளிக்கில் விடுபடும். விரல் வலியுள்ளவர்கள் நீண்ட பத்திகளைத் தேர்ந்தெடுக்க உதவும். மற்றவர்களுக்கு இது வம்பு.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு

செட்டிங்ஸில் 'ப்ரைமரி மவுஸ் பட்டன்' என்பதை 'ரைட்' என்று மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றிய அந்த நொடியிலிருந்தே இடது பொத்தான் மெனுவைக் கொண்டுவரும். பழையபடி மாற்ற நினைத்தால் வலது பொத்தானால்தான் தட்ட வேண்டும். இது தெரியாமல் பதறுகிறவர்கள் உண்டு. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளில் சிலர் மவுஸை மட்டும் வலக்கையில் சுலபமாகப் பிடிப்பார்கள். பிள்ளையை இரண்டு விதமாகவும் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கட்டைவிரல் பக்கம் குழிவாகச் செய்த மவுஸ் வலக்கைக்கானது; இரு பக்கமும் ஒரே வடிவமாக உள்ளதுதான் இவர்களுக்கு ஏற்றது.

சக்கரம்

ஒரு முறை 'டக்' என்று உருட்டினால் மூன்று வரி நகர்வது வழக்கமான அளவு. 'லைன்ஸ் டு ஸ்க்ரோல்' என்ற பட்டையில் மாற்றலாம். நீளமான பட்டியல்களில் வேலை செய்யும் கணக்காளர் ஐந்து ஆறு என்று ஏற்றிக்கொள்ளலாம். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு ஒன்றோ இரண்டோ போதும், கண் வரியைத் தவறவிடாது. அம்புக்குறி எந்தச் சன்னல்மீது நிற்கிறதோ அதை உருட்டும் 'ஸ்க்ரோல் இனாக்டிவ் விண்டோஸ்' வசதியை அணைக்காதீர்கள். ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் தட்டச்சு செய்பவர்களுக்கு அது வரம்.

எழுத்தெல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டது என்ற புகாருக்கும் சக்கரமே காரணம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் பக்கம் பெரிதாகும், சிறிதாகும். உலாவியில் கன்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். சக்கரத்தையே பொத்தான்போல் அழுத்தலாம் என்பதும் பலருக்குத் தெரியாது: இணைப்பின்மீது அழுத்தினால் புதிய தாவலில் திறக்கும், தாவலின்மீது அழுத்தினால் அது மூடிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியும் அம்புக்குறி

செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி', அதற்குள் 'மவுஸ் பாயிண்டர் அண்ட் டச்'. அளவை 1-லிருந்து 15 வரை கூட்டலாம். நிறத்தில் வெள்ளை, கறுப்பு, பின்னணிக்கு நேர்மாறாக மாறிக்கொள்வது, நாமே தேர்ந்தெடுப்பது என்று நான்கு வகை. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பைத் தேடிக் கண்ணைக் கசக்குகிறவர்கள் மூன்று நான்கு அளவுக்கு ஏற்றி, ஆரஞ்சோ பச்சையோ கொடுத்துவிடுங்கள். புரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். கடைசி வரிசை மாணவனுக்கும் அம்பு எங்கே என்று தெரிய வேண்டுமல்லவா.

பழைய பெட்டியின் 'பாயிண்டர் ஆப்ஷன்ஸ்' தாவலில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும்: கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்புக்குறி இருக்கும் இடத்தை வட்டம் சுருங்கிக் காட்டும். அதை டிக் செய்துவிடுங்கள். வால்போல் நிழல் தொடரும் 'பாயிண்டர் ட்ரெயில்ஸ்' இன்றைய திரைகளுக்குத் தேவையில்லை. 'ஸ்நாப் டு' என்பதை அணைத்தே வையுங்கள். பெட்டி ஒன்று திறந்தவுடன் அம்புக்குறி அதன் முதன்மைப் பொத்தான்மீது தானாகத் தாவி உட்காரும் வசதி அது. 'அழிக்கவா?' என்று கணினி கேட்கும்போது அவசரத்தில் தட்டிவிட்டால் போனது போனதுதான்.

மடிக்கணினியில் மவுஸ் வைத்திருப்பவர்கள்

தட்டச்சு செய்யும்போது கர்சர் எங்கோ ஓடிப்போய், நடு வரியில் எழுத்து விழுகிறதா? உள்ளங்கை டச்பேடில் படுகிறது. 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதற்குள் 'டச்பேட்' திறந்து, மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேடை இயங்கவிடும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மவுஸைக் கழற்றினால் டச்பேட் தானாகவே திரும்பி வந்துவிடும்.

ஒரு கணினி, பல கைகள்

மேலே பார்த்த வேகம், டபுள் கிளிக், பொத்தான் மாற்றம் எல்லாம் பயனர் கணக்கு வாரியாகச் சேமிக்கப்படுகின்றன. தாத்தாவுக்கு ஒரு கணக்கு, பேத்திக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிட்டால் தினமும் பட்டையை இழுத்துச் சண்டை போட வேண்டாம். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று உட்காரும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளுக்கும் இதுவே வழி. மவுஸில் உள்ள டிபிஐ மட்டும் இதில் சேராது. அது மவுஸுக்குள் இருப்பதால் யார் நுழைந்தாலும் ஒன்றுதான்; பொதுவாக ஒரு படியில் வைத்துவிட்டு, அவரவர் பட்டையில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

விண்டோஸ் இல்லாதவர்களுக்கு

மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'மவுஸ்'. அங்கே முதலில் பார்க்க வேண்டியது 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்'. விண்டோஸிலிருந்து போகிறவர்களுக்குச் சக்கரம் தலைகீழாகச் சுற்றுவதாகத் தோன்றுவது இதனால்தான். இதை அணைத்தால் டிராக்பேடின் திசையும் சேர்ந்து மாறும். அம்புக்குறி தொலைந்தால் மவுஸை வேகமாக ஆட்டுங்கள், பெரிதாகித் தெரியும்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அவற்றை இன்னும் வைத்திருப்பவர்களும், உபுண்டு போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களும் செட்டிங்ஸில் 'மவுஸ் அண்ட் டச்பேட்' பகுதிக்குப் போனால் முதன்மைப் பொத்தான், வேகம், உருட்டும் திசை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லையென்றால்

இப்போது மவுஸைச் சந்தேகப்படலாம். 'பட்டன்ஸ்' தாவலில் உள்ள அதே மஞ்சள் கோப்புறை நல்ல சாட்சி. அதன்மீது நன்றாக இடைவெளி விட்டு, ஒவ்வொரு கிளிக்காகத் தட்டுங்கள். ஒற்றைத் தட்டுக்கே கோப்புறை திறந்தால், பொத்தானுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்து, ஒரு தட்டை இரண்டாகச் சொல்கிறது. எந்த அமைப்பும் அதைக் குணப்படுத்தாது.

கம்பியில்லா மவுஸ் விட்டுவிட்டு இயங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு கணினியில் செருகிய அந்தக் குட்டி ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 துளைகள் வேலை செய்யும்போது எழும் இரைச்சல், இவ்வகை மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க் செருகியதும் மவுஸ் திணறினால் காரணம் இதுதான். ரிசீவரைத் தள்ளியிருக்கும் துளைக்கு மாற்றுங்கள். மேசைக்கணினி என்றால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கம்பி மவுஸ் செத்துச் செத்துப் பிழைத்தால் வேறு துளையில், பிறகு வேறு கணினியில் செருகிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்றில் உலோகம் எதுவும் தப்புவதில்லை. துளையின் உட்புறம் மங்கிப்போயிருந்தால் பழி அங்கே இருக்கலாம். மவுஸ் முழுக்க நின்றுவிட்டு அவசர வேலை இருந்தால், இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் கொடுங்கள். வலப்பக்க எண் விசைகள் அம்புக்குறியை நகர்த்தும், 5 கிளிக் செய்யும்.

எல்லாம் பார்த்தும் புது மவுஸ்தான் வழி என்றால் கடையிலேயே கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய வேகம் தானாக வராது. புதிய மவுஸின் டிபிஐ வேறாக இருக்கும் என்பதால் பட்டை அதே இடத்தில் நின்றாலும் அம்புக்குறி வேறு மாதிரி ஓடும். திரையின் ஓரத்தைத் தொடும் சோதனையையும் பெருக்கல் குறிச் சோதனையையும் இன்னொரு முறை செய்துவிடுங்கள்.